பதினஞ்சு செகண்ட் லேசரும் விருச்சிகக் காத்தும்

கண்ணாடிய கழட்டோணும்னு கண்ணுக்கு லேசர் பண்ணிக்கிட்டவங்க எல்லாரும் சொல்ற கதை ஒண்ணே தான். படுத்தேன், அஞ்சு நிமிஷம், எந்திரிச்சேன், எதிர்ச் செவுத்துல இருந்த கடிகாரத்துல முள்ளு தெரிஞ்சுது, மறுநாளே வேலைக்குப் போயிட்டேன். நானும் அதையே நம்பி மூணு நாள் லீவு சொல்லிட்டுப் போனேனுங்க. கடைசியில பதினாறு நாள் ஆச்சு, அதுக்கப்புறமும் கண்ணு முழுசா அடங்க நாலு மாசத்துக்கு மேல ஆச்சு. யாரும் பொய் சொல்லல. அவங்க பண்ணது கருவிழியில மூடி வெட்டித் தூக்கிப் பண்ற லாசிக், நான் பண்ணது மேல்தோல சுரண்டிட்டுப் பண்ற பிஆர்கே. ரெண்டுக்கும் நம்மூர்ல "லேசர்"னு ஒரே பேரு தான், கொழப்பம் அங்கயே ஆரம்பிச்சிருச்சு.

எங்கூரு கொழிஞ்சாம்பாறை பக்கம். கேரளா தான், ஆனா வீட்டுல, கடையில, கோயில்ல எல்லாம் தமிழ். பாலக்காட்டுல போனா தமிழன்ங்கறாங்க, கோயமுத்தூர்ல போனா மலையாளிங்கறாங்க, அது தனிக்கதை. வேலை கோபாலபுரம் பக்கம் ஒரு மஞ்சி மில்லுல, தேங்கா மட்டையில இருந்து நார் எடுக்குற மில்லு, அங்க கணக்கும் லோடும் நான் பாக்குறேன். ஆபீஸ்னு பேரு தான், முக்கால்வாசி நேரம் களத்துல நிக்கோணும். நார் காயப் போட்டிருக்குற களத்துல ஒரு சின்னக் காத்து அடிச்சாப் போதும், மஞ்சித்தூளு மூக்கு, காது, கண்ணு எல்லாத்துலயும் பூந்துரும்.

ஏழாங்கிளாஸ்ல போட்ட கண்ணாடி. முப்பத்தியொண்ணு வயசுல ரெண்டு கண்ணும் மைனஸ் 5 பக்கம் வந்து, கடைசி மூணு வருஷமா ஏறாம நின்னுருச்சு. மில்லுல வேர்வையில கண்ணாடி மூக்குல இருந்து வழுக்கும், தொடைச்சா தூளு கீறி கண்ணாடி பூரா கோடு, ஹெல்மெட் போடறப்ப காதுல மாட்டுற கம்பி வளையும், மழையில பைக் ஓட்டுறது குத்துமதிப்பு தான். சரின்னு கான்டாக்ட் லென்ஸ் போட்டேன். மஞ்சித்தூளுக்கும் லென்ஸுக்கும் ஜென்மப் பகை. ஒரு துரும்பு லென்ஸுக்கு அடியில போச்சுன்னா வேலைய விட்டுட்டு ஓடி கைய கழுவி கழட்டி, ஒரு தடவை கண்ணு செவந்து ஒரு வாரம் தொறக்கவே முடியல. லேசர் பண்ணிரலாம்னு அப்பத்தான் முடிவு பண்ணேன்.

மொதல்ல போன எடத்தோட பேரு வேண்டாம். ஓணம் ஆஃபர்னு போட்டிருந்தாங்க. உள்ள போனதும் மெஷின்ல தாடைய வெக்கச் சொல்லி பவர் பாத்தாங்க, இன்னொரு மெஷின்ல கருவிழியப் படம் புடிச்சாங்க, பத்து நிமிஷத்துல ஒரு பொண்ணு வந்து "நீங்க ஃபிட்டுங்க சார், சனிக்கிழமை வந்துருங்க"ன்னு சொல்லி 5,000 அட்வான்ஸ் வாங்கிடுச்சு. டாக்டர நான் பாக்கவே இல்ல. அன்னிக்கு காலையில வரைக்கும் நான் லென்ஸ் போட்டுட்டு இருந்தேன், அதை யாரும் கேக்கல. நானும் சொல்லல, சொல்லோணும்னே தெரியாது.

எங்க மில்லுல கூட வேலை பாக்குற அண்ணனோட பொண்ணு ஆப்டோமெட்ரி, அதான் கண்ணு டெஸ்ட் பண்ற படிப்பு, படிக்குது. அது கிட்ட பெருமையா சொன்னப்ப தான் கேட்டுச்சு, "அண்ணா, லென்ஸ கழட்டி எத்தனை நாளாச்சு? கண்ணுல சொட்டு விட்டு விழித்திரை பாத்தாங்களா?" ரெண்டுக்கும் இல்லைன்னேன். லென்ஸ் கருவிழி மேல ஒட்டிக்கிட்டு அதோட வளைவையே கொஞ்சம் மாத்தி வெச்சிருமாம், அந்த நேரத்துல அளவெடுத்தா தப்பான அளவுல சட்டை தைக்கிற மாதிரி ஆயிரும்னுச்சு. சாதா லென்ஸ்னா கொறஞ்சது ஒரு வாரம், ரெண்டு வாரம்னா இன்னும் நல்லது, கெட்டி லென்ஸ்னா மூணு நாலு வாரம் கழட்டி வெச்சிட்டுத் தான் டெஸ்டுக்கே போகோணும். அந்த 5,000 திரும்பி வரல. போச்சுன்னு விட்டுட்டேன், இப்ப யோசிச்சா எனக்கு ரொம்ப லாபமான நஷ்டம் அது.

ரெண்டு வாரம் பழைய கண்ணாடியோட சுத்திட்டு, வேலந்தாவளம் செக்போஸ்ட் தாண்டி கோயமுத்தூர்ல வேற ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்க டெஸ்டுக்கே அரை நாள் ஆச்சு. பவர ஒரு தடவை பாத்தாங்க, சொட்டு விட்டு மறுபடி பாத்தாங்க. கீழ் இமையில ஒரு காகிதத் துண்டு மாட்டி அஞ்சு நிமிஷத்துல எவ்வளவு கண்ணீர் ஊறுதுன்னு அளந்தாங்க, இருட்டுல கண்ணுப்பாப்பா எவ்வளவு விரியுதுன்னு பாத்தாங்க. கண்ண கசக்குற பழக்கம் இருக்கா, வீட்டுல யாருக்காவது கருவிழி கூம்பு மாதிரி முன்னால தள்ளுற கெரட்டோகோனஸ் இருக்கான்னு கேட்டாங்க. ஏன்னா அந்த நோய் லேசா இருந்தாக் கூட அது மேல லேசர் போட்டா கருவிழி இன்னும் பலவீனமாயி பார்வை கெட்டுப் போகும். முன்பக்கம் மட்டுமில்லாம கருவிழியோட பின்பக்க வளைவும் காட்டுற ஸ்கேன் எடுக்குறது முக்கியமா அதுக்குத் தான்.

சொட்டு விட்டு விழித்திரை பாத்தப்ப தான் விசயம் வந்துச்சு. வலது கண்ணுல ஓரமா விழித்திரை மெலிஞ்சு கெடக்குதாம், லேட்டிஸ்ங்கறாங்க, அதுல ஒரு சின்ன ஓட்டையும் இருக்குதாம். கிட்டப்பார்வை இருக்கவங்களுக்கு கண்ணு முட்டை மாதிரி நீண்டு இருக்குறதால உள்ள இருக்குற விழித்திரையும் இழுபட்டு மெலியும். லேசர் பண்ணி கண்ணாடிய கழட்டினாலும் கண்ணோட நீளம் நீளம் தான், அதனால விழித்திரை பிரிஞ்சு வர்ற ஆபத்து அப்படியே இருக்கும்னு டாக்டரம்மா சொன்னாங்க. மொத எடத்துல சனிக்கிழமை பண்ணியிருந்தா இந்த ஓட்டை யாருக்கும் தெரியாமயே இருந்திருக்கும்.

ஓட்டைய சுத்தி வேலி போடுற மாதிரி மொதல்ல ஒரு லேசர், பேரேஜ்னு பேரு. பச்சை வெளிச்சம் பளிச் பளிச்சுன்னு அடிச்சாங்க, சுருக் சுருக்குன்னு இருந்துச்சு, கொஞ்ச நேரத்துல முடிஞ்சுது. வீட்டுக்கு வந்து "லேசர் ஆயிருச்சு"ன்னு சொல்லிட்டேன் பாருங்க, அம்மா தெருவெல்லாம் சொல்லி, மறுநாள் நான் கண்ணாடியோட கடைக்குப் போனா "லேசர் பிடிக்கலியா சாமி?"ன்னு துக்கம் விசாரிக்கிற மாதிரி கேக்குறாங்க. அப்புறம் ஒரு மாசம் விட்டு, 2022 நவம்பர்ல, தீபாவளிப் புகையெல்லாம் அடங்கினப்புறம் தான் நெஜ லேசர்.

எது பண்றதுங்கறதுக்கு டாக்டரம்மா ஒரு துண்டுக் காகிதத்துல கணக்கு போட்டுக் காட்டுனாங்க. மைக்ரான்னா ஒரு மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு, சாதாரணமா கருவிழி 540 மைக்ரான் பக்கம் கனம் இருக்கும், எனக்கு 482 தான். மைனஸ் 5 எறக்க கிட்டத்தட்ட 70 மைக்ரான் செதுக்கோணும், நம்ம ஒரு தலைமுடி கனம். லாசிக்னா அதுக்கு மின்ன 110 மைக்ரான்ல ஒரு மூடி வெட்டித் தூக்கோணும். 482ல 110 போச்சு, 70 போச்சு, மிச்சம் 302. அடியில 250க்கு கொறையக்கூடாதுங்கறது பழைய கணக்கு, எனக்கு அதுல பாஸ் தான், ஆனாலும் நான் ரொம்ப மிச்சம் வெச்சுத்தான் பண்ணுவேன்னாங்க. அப்புறம் "மில்லுல வேலைங்கறீங்க, மட்டை தெறிச்சு கண்ணுல பட்டா அந்த மூடி எத்தனை வருஷமானாலும் நகர வாய்ப்பிருக்கு"ன்னாங்க. அந்த ஒரு வார்த்தையில நான் முடிவு பண்ணிட்டேன். பிஆர்கேல மூடியே கெடையாது. மேல்தோல மட்டும் சுரண்டி எடுத்துட்டு நேரா அது மேலயே லேசர், தோலு தானா வளந்துக்கும். ஸ்மைல்னு சின்ன ஓட்டை வழியா உள்ள இருந்து ஒரு துண்ட உருவி எடுக்குறது ஒண்ணு இருக்கு, அது பட்ஜெட்டுக்கும் கட்டல, என் கனத்துக்கும் அவங்க சொல்லல. கண்ணுக்குள்ள லென்ஸே வெக்கிற ஐசிஎல் இன்னும் பெரிய பவர்காரங்களுக்குன்னாங்க.

"ஆனா பிஆர்கேல வலி இருக்கும், பார்வை மெதுவா தான் வரும்"னாங்க. இதை அவங்க சொன்னாங்க. நான் தான் காதுல வாங்கல.

வெயிட்டிங்ல உக்காந்திருந்தப்ப போன்ல நோண்டிட்டு இருந்தேன், அப்ப படிச்சது இது, எனக்கு ரொம்பப் பிடிச்சுது. கருவிழிய செதுக்குற இந்த எக்சைமர் லேசரால உடம்புத் தசைய சுத்தியிருக்குற எடம் கருகாம செதுக்கலாம்னு கண்டுபிடிச்ச மூணு பேர்ல ஒருத்தர் ரங்கசாமி சீனிவாசன், சென்னையில பொறந்து மெட்ராஸ் யுனிவர்சிட்டில படிச்சவரு. 1981 நவம்பர்ல, அமெரிக்காவுல ஐபிஎம் ஆராய்ச்சிக் கூடத்துல, விருந்துல மிச்சமான வான்கோழிக் கறிய வீட்டுல இருந்து எடுத்துட்டுப் போயி அது மேல லேசர அடிச்சுப் பாத்திருக்காரு. 193 நானோமீட்டர் புற ஊதா ஒளி, அது சுட்டுப் பொசுக்குறதில்ல, மூலக்கூறு கட்ட அறுத்து ஆவியாக்கிருது. வான்கோழிக்கு நல்லபடியா ஆயிருக்கு, நமக்கும் ஆகும்னு தைரியம் வந்துச்சு.

ஆப்ரேஷன் பத்தி நீட்டி சொல்ல ஒண்ணுமில்ல. மரத்துப் போற சொட்டு விட்டாங்க, இமை மூடாம இருக்க ஒரு கிளிப்பு. ஆல்கஹால் மருந்து கொஞ்ச நேரம் வெச்சு மேல்தோல எளக்கி சுரண்டுனாங்க, வலியில்ல, மழையில வைப்பர் போடாத லாரிக் கண்ணாடி மாதிரி எல்லாம் கலங்கிப் போச்சு. லைட்டையே பாருங்கன்னாங்க. டக்டக்டக்னு சத்தம், தலைமுடி பொசுங்குற மாதிரி வாசம், பதினஞ்சு செகண்டு தான் இருக்கும். கண்ணு லேசா அசைஞ்சா மெஷின் கூடவே நகரும், ரொம்ப அசைஞ்சா தானா நின்னுரும், அதனால அசைஞ்சுட்டா என்னாகுமோன்னு பயப்பட வேண்டியதில்ல. அப்புறம் தழும்பு கட்டாம இருக்க மைட்டோமைசின்ங்கற மருந்த பஞ்சுல நனைச்சு கொஞ்ச நேரம் வெச்சு, நல்லா கழுவி, கட்டு மாதிரி ஒரு மெல்லிசு லென்ஸ் போட்டு விட்டாங்க. மைட்டோமைசின் அடிப்படையில கேன்சர் மருந்து, அதை மொதல்லயே தெரிஞ்சுக்காதது நல்லதாப் போச்சு.

கார்ல வர்றப்ப மச்சினன் ஓட்டுனான், நான் பின்னாடி உக்காந்து மதுக்கரை தாண்டுறப்ப போர்டெல்லாம் படிச்சுட்டு வந்தேன். அவ்வளவு தானா, இதுக்கா பயந்தோம்னு நெனச்சேன். வீட்டுக்கு வந்து ரெண்டு மணி நேரத்துல மரப்பு விட்டுச்சு.

எப்படி சொல்றதுன்னா, அரை கிலோ சின்ன வெங்காயம் உரிச்ச கையோட, மஞ்சித்தூளும் கண்ணுல போட்டு, அதை தொறக்கச் சொன்னா எப்படி இருக்கும், அந்த மாதிரி. தண்ணி தாரை தாரையா ஊத்துது, மூக்கு ஒழுகுது, ஜன்னல் இடுக்குல வர்ற வெளிச்சம் கூட ஊசி. ரெண்டாம் நாளு தான் உச்சம். ராத்திரி ஒரு மணிக்கு எங்க வீட்டுக்காரி "ஏனுங்க, ஆஸ்பத்திரிக்கு போயிரலாமா"ன்னு அழுதுருச்சு. போன் பண்ணோம், வலி மாத்திரைய நேரம் தவறாம போட்டீங்களான்னு கேட்டாங்க. நான் வலி வந்தப்புறம் தான் போட்டுட்டு இருந்தேன். வலிக்கு மின்னாடியே போடோணும், மொத மூணு நாள் அலாரம் வெச்சாவது. மரத்துப் போற சொட்டு இன்னொண்ணு குடுங்கன்னு கெஞ்சுனேன், அது மட்டும் தர மாட்டேன்னாங்க, அதை வீட்டுல விட்டுட்டே இருந்தா தோலு வளராது, புண்ணாயி கருவிழியே கெட்டுருமாம்.

அம்மா பக்கத்துலயே உக்காந்து "கண்ணத் தொறக்காத கண்ணு, கண்ணத் தொறக்காத கண்ணு"ங்குது. எங்க பக்கம் பாசமா கூப்புடறதே கண்ணுன்னு தானே, வலியிலயும் எனக்கு சிரிப்பு வந்துருச்சு.

வைத்தியம் சொல்ல ஆளுக்கா பஞ்சம். பக்கத்து வீட்டு ஆத்தா தாய்ப்பால் ரெண்டு சொட்டு விடுங்குது, யாரு வீட்டுல கைக்கொழந்தை இருக்குதுன்னு வெசாரிச்சும் வெச்சிருச்சு. பெரியம்மா நந்தியாவட்டைப் பூ பறிச்சு டம்ளர்ல போட்டு எடுத்துட்டு வந்துருச்சு. மாமனாரு வெளக்கெண்ணெய். யாரையும் கோவிச்சுக்க முடியாது, ஆனா மேல்தோல் இல்லாத கண்ணுங்க அது, தொறந்த புண்ணு, அதுல கிருமி உக்காந்தா முடிஞ்சுது. எங்க வீட்டுக்காரி தான் வாசல்லயே நின்னு எல்லாத்தையும் வாங்கி வெச்சுட்டு ஒண்ணும் விடாம பாத்துக்குச்சு. பத்தியம்னு கத்திரிக்கா, மீனு, புளி எல்லாம் நிறுத்துனாங்க, டாக்டர கேட்டா எல்லாம் சாப்பிடுங்க, சாப்பாட்டுக்கும் இதுக்கும் சம்மந்தமில்லைன்னாங்க. தலைக்குத் தண்ணி மட்டும் ஒரு வாரம் ஊத்தல, பொண்டாட்டி பின்னாடி சாய வெச்சு கழுவி விட்டுச்சு.

நாலாம் நாள் வலி போயிருச்சு, ஆனா பார்வை மூணாம் நாள விட மோசமாயிருச்சு. எனக்கு அடிவயிறு கலங்கிப் போச்சு. அஞ்சாம் நாள் லென்ஸ கழட்ட போனப்ப தான் சொன்னாங்க, ஓரத்துல இருந்து வளந்துட்டு வர்ற தோலு நட்ட நடுவுல வந்து கூடுற நாளு அது, கூடுற எடம் வரப்பு மாதிரி மேடா இருக்கும், போகப் போக சமமாயிரும்னு. இதை மின்னாடியே ஒரு வரி எழுதிக் குடுத்திருந்தா ஒரு ராத்திரி தூங்கியிருப்பேன். ஒரு வாரத்துல டிவி பாக்கலாம், செய்தி ஓடுற எழுத்து படிக்க முடியல. ரெண்டு வாரத்துல மெதுவா பைக் பக்கத்துக் கடை வரைக்கும். ஒரு மாசத்துல 6/9. மூணு மாசத்துல 6/6, அதாவது முழுப் பார்வை.

இப்ப காத்துக்கு வர்றேன். கார்த்திகை பொறந்தா மலையாளத்துல விருச்சிகம், மாலை போட்டவங்க கருப்பு வேட்டியோட சுத்துற காலம், அப்ப தான் எங்க பக்கம் கிழக்க இருந்து ஒரு காத்து கெளம்பும். பாலக்காட்டுக் கணவாய் வழியா நேரா அடிக்கும், வறண்ட காத்து, ராவும் பகலும் உய்யுன்னு சத்தம், பனமட்டை படபடன்னு அடிச்சுக்கும், ஒதடு வெடிக்கும், காயப்போட்ட துணி அரை மணி நேரத்துல மொறமொறன்னு ஆயிரும். துணிக்கே அப்படின்னா லேசர் பண்ண கண்ணுக்கு? கருவிழியில இருக்குற நரம்புகளும் லேசர்ல அறுபட்டுப் போறதால கண்ணு காயுதுங்கற தகவலே மூளைக்கு சரியா போகாது, கண்ணீர் ஊறாது, இமைக்கிறதும் கொறையும். அது வளர மாசக்கணக்கு ஆகும். இந்த நேரம் பாத்து நான் ஆப்ரேஷன் தேதி வாங்கியிருக்கேன். எங்க பக்கத்து ஆளுக யாராவது பண்றதா இருந்தா, காத்து அடங்குன மாசி பங்குனியில பண்ணுங்கன்னு தான் சொல்லுவேன். ஆடிக் காத்தும் வேண்டாம். பொள்ளாச்சி, உடுமலை பக்கம் இருக்கறவங்களுக்கும் காத்து விசயத்துல இதே தான்.

பதினேழாம் நாள் மில்லுக்குப் போனேன். வெயில்ல புற ஊதாக் கதிர் பட்டா கருவிழியில புகை மாதிரி படலம் கட்டலாம்ங்கறதால கூலிங் கிளாஸ் கட்டாயம், அதுவும் சைடு மூடுனது. மில்லுக்குள்ள அது மேல வெல்டிங்காரங்க கிரைண்டிங்குக்கு போடற மூடுன கண்ணாடி. லோடுமேன் எல்லாம் "வாங்க எம்ஜிஆர்"னு கூப்புட ஆரம்பிச்சுட்டாங்க, இன்னிக்கு வரைக்கும் அந்தப் பேரு போகல.

கண்ணு காலையில செவந்துரும். நாலு மணிக்கு முழிப்பு வந்து கண்ணத் தொறந்தா இமை கருவிழியோட ஒட்டி பிய்யுற மாதிரி ஒரு வலி. தூங்குறப்ப ஃபேன் காத்து மூஞ்சிக்கு நேரா வந்துட்டு இருந்திருக்கு, கட்டில திருப்பிப் போட்டு, படுக்கறப்ப விடற கெட்டி ஜெல்லு மருந்து வாங்குனப்புறம் அது அடங்குச்சு. இதுல தான் நான் பண்ண பெரிய முட்டாள்தனம் வருது, இதுக்குத் தான் இவ்வளவும் எழுதறேன்.

எனக்கு மூணு வகை சொட்டு. ஆன்டிபயாட்டிக் ஒரு வாரத்தோட முடிஞ்சுது. கண்ணீர் சொட்டு எவ்வளவு வேணா விடலாம், பிரிசர்வேட்டிவ் இல்லாததா வாங்கோணும், வெலை ஜாஸ்தி தான். மூணாவது வீக்கத்தையும் செவப்பையும் அடக்குற ஸ்டீராய்டு, மொத மாசம் நாலு வேளை, அப்புறம் மூணு, ரெண்டு, ஒண்ணுன்னு நாலு மாசத்துல எறக்கி நிறுத்தோணும். ஒரு மாச செக்கப்புல எல்லாம் சரி, கண்ணழுத்தம் 14. அதுக்கப்புறம் காத்து ஜாஸ்தியாயி கண்ணு செவந்துட்டே இருக்க, ஸ்டீராய்டு விட்டா அரை மணி நேரத்துல செவப்பு போகுது, குளுகுளுன்னு இருக்குது. நான் என்ன பண்ணேன், மூணு வேளைங்கறத அஞ்சு ஆறுன்னு ஆக்கிட்டேன். பாட்டில் காலியாச்சு, மெடிக்கல்ல காலி பாட்டில காட்டுனா சீட்டு கூட கேக்காம குடுத்தாங்க, இன்னொண்ணு, இன்னொண்ணு. அடுத்த செக்கப்புக்கும் போகல. லோடு சீசன், அதோட கண்ணு தான் நல்லா தெரியுதே.

ஜனவரியில போனப்ப அழுத்தம் 27, 29. இருபத்தியொண்ணுக்கு மேல போனாலே கவனிக்கோணும். டாக்டரம்மா ரெண்டு தடவை அளந்துட்டு, நான் சொட்டு விட்ட கதைய கேட்டுட்டு, பேனாவ மேசை மேல வெச்சுட்டாங்க. "ஸ்டீராய்டு சில பேருக்கு அழுத்தத்த ஏத்தும், வலி தெரியாது, பார்வை நல்லாவே இருக்கும், உள்ள கண் நரம்பு செத்துட்டு இருக்கும், போனா திரும்ப வராது. அதோட உங்களுக்கு லேசர்ல கருவிழி மெலிஞ்சிருக்கு, மெஷின் காட்டுறத விட நெஜ அழுத்தம் இன்னும் ஜாஸ்தியா இருக்கும்." எனக்கு வேர்த்துருச்சு. கண்ணாடி வேண்டாம்னு போயி கண்ணையே தொலைச்சிருப்பேன். ஸ்கேன் எடுத்தாங்க, நரம்புக்கு ஒண்ணும் ஆகல. வீசிங் இருக்கான்னு கேட்டுட்டு, ஏன்னா இருந்தா இந்த மருந்து ஆகாதாம், அழுத்தத்த எறக்குற டிமோலால் சொட்டு குடுத்து, ஸ்டீராய்ட சட்டுன்னு எறக்கி நிறுத்துனாங்க. அஞ்சு வாரம் ஆச்சு 15க்கு வர. செவப்புக்குக் காரணம் வெறும் வறட்சி தான், கண்ணீர் சொட்டே போதுமானதா இருந்திருக்கு.

சொட்டு விடறதுலயே நான் கத்துக்கிட்டது கொஞ்சம் இருக்கு. ஒண்ணுக்கும் இன்னொண்ணுக்கும் அஞ்சு நிமிஷமாவது இடைவெளி விடோணும், இல்லைன்னா ரெண்டாவது மொதலாவத கழுவி விட்டுரும். விட்டதும் கண்ண மூடி மூக்கோரம் ஒரு நிமிஷம் அழுத்திப் புடிச்சா தொண்டையில கசப்பு எறங்காது, மருந்தும் கண்ணுலயே நிக்கும். பாட்டில தொறந்த தேதிய மார்க்கர்ல எழுதி, 28 நாள்ல தூக்கிப் போட்டுரோணும்.

ராத்திரி பைக் தான் ரொம்ப நாள் படுத்துச்சு. எதுக்க வர்ற லாரி லைட்ட சுத்தி, சாமி படத்துல தலைக்குப் பின்னாடி இருக்குமே, அந்த மாதிரி ஒளிவட்டம். மொத ரெண்டு மாசம் இருட்டுனா ஓட்டவே இல்ல. ஆறு மாசத்துல மங்கிருச்சு, இன்னும் மழை ராத்திரியில எடது கண்ணுக்கு லேசா தெரியும், பழகிருச்சு.

காசு சொல்லிடறேன், எல்லாரும் அதைத் தான் கேக்குறாங்க. ரெண்டு கண்ணுக்கும் அப்ப 42,000 ஆச்சு, டெஸ்டும் விழித்திரை லேசரும் தனி, சொட்டு மருந்துக்கு மட்டும் நாலு மாசத்துல ஆறாயிரத்துக்கு மேல போயிருக்கும், லீவு நாள் சம்பளம் வேற. இன்சூரன்ஸ்ல வரும்னு நெனச்சுட்டுப் போகாதீங்க, 7.5 பவருக்குக் கீழ இருக்கறவங்களுக்கு பார்வைக்குறை சரி பண்ற செலவு பொதுவா பாலிசில விலக்கு தான்.

ஆப்ரேஷனுக்கு மின்ன எடுத்த ரிப்போர்ட்டு, பழைய பவர், கருவிழி ஸ்கேன் எல்லாத்தையும் பத்திரம் வெக்கிற பெட்டியில ரேஷன் கார்டோட வெச்சிருக்கேன். அறுபது வயசுல புரை வந்தா உள்ள வெக்கிற லென்ஸுக்கு கணக்கு போட அந்தப் பழைய நம்பரு ஒதவும், லேசர் பண்ண கண்ணுக்கு சாதா கணக்கு தப்பும். அதே மாதிரி எந்தக் கண்ணு டாக்டர்கிட்ட போனாலும் லேசர் பண்ணதை மொதல்ல சொல்லிரோணும், அழுத்தம் கொறைச்சுக் காட்டும்ங்கறதுக்காக. வருஷம் ஒரு தடவை சொட்டு விட்டு விழித்திரை பாக்க இன்னும் போயிட்டுத் தான் இருக்கேன். நாப்பதுக்கு மேல படிக்கிற கண்ணாடி எல்லாரையும் போல எனக்கும் வரும். இதை அம்மாகிட்ட சொன்னப்ப "மறுபடியும் கண்ணாடியா, அதுக்கா இத்தனை பாடு?"ன்னு கேட்டுட்டு அடுப்படிக்குப் போயிருச்சு.

இப்ப மச்சினன் பண்றேன்னு நிக்கிறான். லென்ஸ கழட்டி ஒம்பது நாளாச்சு, இன்னும் அஞ்சு நாள்ல டெஸ்டு, அவன் கண்ணாடி எங்கயோ உடைஞ்சு போச்சாம். "மாமா, உங்க பழசு சும்மா தானே கெடக்குது"ன்னு என் பொட்டியில இருந்து எடுத்து மாட்டிக்கிட்டான். அவனுக்கு மூணேகால், என்னுது அஞ்சு. சாயங்காலம் தலைவலின்னு வந்து உக்காந்தான். கழட்டுறா மொதல்லன்னு திட்டி, கடைக்குக் கூட்டிட்டுப் போயி அவன் பவருக்கே 600 ரூவாயில ஒண்ணு வாங்கிக் குடுத்துட்டு வந்தேன்.